பிளகின் சேர்க்கும் முன்

வேர்ட்பிரஸ் தளத்துக்குப் பிளகின் தேடும்போது நட்சத்திரங்களைவிட, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸின் கடைசி 3 பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படாதது என்றால், அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். அந்தப் பிளகினை விட்டுவிடுங்கள். காசுக்கு விற்கும் பிளகினை யாரோ பூட்டுடைத்து இலவசமாகத் தந்தால் கிட்டவே போக வேண்டாம்.

டீஆக்டிவேட் செய்தால் பிளகின் ஓடாது. ஆனால் அதன் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். அவற்றில் ஓட்டை இருந்தால் அது வழியாகவும் ஆள் நுழையலாம். வேண்டாததை டெலீட் செய்துவிடுங்கள், ‘ஹலோ டாலி’ பிளகின் உட்பட. டாஷ்போர்டில் பாட்டு வரி காட்டுவதைத் தவிர அதற்கு என்ன வேலை? கேஷ் பிளகின் ஒன்று போதும். இரண்டு இருந்தால் மோதிக்கொள்ளும். அப்டேட்டுக்கு முன் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து, சர்வருக்கு வெளியே வையுங்கள்.