புகை வேறு, வெப்பம் வேறு

எட்டாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம். கார் என்ஜினின் வெப்பத்தை ரேடியேட்டர் நீர் வெளியேற்றுவதையும், குளிர்நாடுகளில் அதே சூடான நீரைக் கொண்டு காரின் உட்புறத்தைச் சூடேற்றுவதையும் விளக்கினேன். "ரேடியேட்டரே இல்லாத காரில் என்ன செய்வாங்க, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடையைப் படமாக வரையச் சொன்னேன். ஒரு மாணவன் சைலன்சர் குழாயை நேரே காருக்குள் திருப்பி வரைந்திருந்தான். வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்துகிறானே என்று 'சரி' போட்டுவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அந்தக் காரில் போகிறவர் உயிர் பிழைக்க மாட்டார்.

மறுநாள் முதல் வேலையாக என் தவற்றை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். பிறகு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டேன். இதன் என்ஜின் பின்புறம் இருக்கும். நீருக்குப் பதில், பெல்ட்டால் சுழலும் விசிறி சிலிண்டர்கள் மீது காற்றைச் செலுத்தும். நம் ஊர் பைக் என்ஜினில் காணும் வரிவரியான உலோகத் தகடுகள் இதிலும் உண்டு. அவை பரப்பைக் கூட்டி வெப்பத்தை விரைவாக வெளியேற்றும்.

1960களின் தொடக்கம் வரை, சிலிண்டர்களைச் சுற்றி வந்த காற்றே காருக்குள்ளும் வந்தது. எண்ணெய் வாடையும் சேர்ந்து வரும். பின்னர் அமைப்பு மாறியது. விசிறிக் காற்றின் ஒரு பகுதி, புகைக்குழாயைச் சுற்றியுள்ள உலோக உறைக்குள் போகும். குழாயின் உள்ளே புகை. வெளியே தூய காற்று. குழாய்ச் சுவர் வழியே வெப்பம் மட்டும் கடந்து வரும். சூடான காற்று, கதவுகளுக்குக் கீழுள்ள உள்ளீடற்ற சட்டங்கள் வழியாகக் காருக்குள் சேரும். என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுழலும். ஆகவே சூடும் குறையும்.

குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு கலந்துவிடும். நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணையும்.

செயல்பாடு

ஒற்றைச் சுவர் கொண்ட எவர்சில்வர் பாட்டிலில் ஆசிரியரே வெந்நீர் ஊற்றி மூட வேண்டும். இருபுறமும் திறந்த, சற்று அகலமான அட்டைக் குழாய்க்குள் அதைப் படுக்க வைத்து, ஒரு முனையில் விசிறுக. மறுமுனையில் வெதுவெதுப்பான காற்று வரும். அங்கே பிடித்த கண்ணாடியில் ஈரம் படியாது. அடுத்து, பாட்டிலை நிமிர்த்தி மூடியைத் திறந்து, மேலே கண்ணாடியைப் பிடிக்கவும். ஈரம் படியும். முன்னதில் வெப்பம் மட்டும் வந்தது. பின்னதில் நீராவியும் சேர்ந்து வந்தது. துருப்பிடித்த குழாயின் நிலை இதுவே.

செயல்பாடு முடிந்ததும் படம் வரைந்த மாணவன் எழுந்தான். "எங்க பாட்டி குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வச்சுக் கதவைச் சாத்திக்குவாங்க. அதுவும் இந்த வாயுதானா, டீச்சர்?"

"ஆமாம்பா. இன்னைக்கே பாட்டிகிட்டே சொல்லிடு" என்றேன். இப்போது இந்தப் பாடத்தைக் காரில் தொடங்கினாலும், கரி அடுப்பைப் பேசாமல் நான் முடிப்பதில்லை.