நாடியா, தாடையா? எடுப்புப் பல்லுக்குக் கத்தி வைக்கும் முன்

நாடி அறுவை சிகிச்சை பக்கவாட்டில் தெரியும் முகத்தை மாற்றும். பல் கடிபடும் விதத்தை ஒரு நூல்கூட மாற்றாது. தாடை அறுவை சிகிச்சை இரண்டையும் மாற்றும், ஆனால் அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை, இரண்டு வருடம் பல்லில் கிளிப்போடு அலைய வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் செல்போனில் எடுத்த பக்கவாட்டுப் படத்தோடுதான் வருகிறார்கள். “கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கு டாக்டர், நாடிய மட்டும் கொஞ்சம் முன்னால கொண்டுவந்தா போதும்லா?” போதுமா போதாதா என்பதை அந்தப் படம் சொல்லாது. கடைவாய்ப் பல் சொல்லும்.

முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள். எச்சிலை விழுங்கிவிட்டு, கடைவாய்ப் பற்கள் சேரும்படி இயல்பாகக் கடியுங்கள். மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் முகப்பு வரை படுக்கைவாட்டில் எவ்வளவு இடைவெளி? 2, 3 மில்லிமீட்டர் இயல்பு. 6, 7-ஐத் தாண்டினால் பல் மட்டுமில்லை, எலும்பும் சம்பந்தப்பட்டிருக்கலாம். இதற்கு ஓவர்ஜெட் என்று பெயர். மேல் பல் கீழ்ப் பல்லை மேலிருந்து எவ்வளவு மூடுகிறது என்பதுதான் ஓவர்பைட். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் டாக்டர் ஒன்று சொல்வார், நீங்கள் வேறொன்று புரிந்துகொள்வீர்கள்.

அளக்கும்போது உங்கள் தாடையே உங்களை ஏமாற்றும். எடுப்புப் பல்லோடு வளர்ந்தவர்கள் படம் எடுக்கும்போதும் நாலு பேர் முன்னால் பேசும்போதும் கீழ்த்தாடையைத் தம்மையறியாமல் முன்னே நீட்டிப் பழகியிருப்பார்கள். அந்த நிலையில் அளந்தால் பாதிக் குறை மறைந்துபோகும். இரண்டு மூன்று தடவை விழுங்கிக் கடித்து, மிக அதிகமாக வந்த அளவையே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. இதற்குக் காசு செலவில்லை. இயல்பாகக் கடித்த நிலையில் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மேல் கீழ் முன்பற்களின் விளிம்பு தொடும்வரை கீழ்த்தாடையை வேண்டுமென்றே முன்னே நகர்த்தி, உதட்டை லேசாக மூடி, இன்னொரு படம். இரண்டாவது படத்தில் முகம் நன்றாக அமைந்துவிட்டால் பின்தங்கியிருப்பது கீழ்த்தாடை. அங்கே நாடியை மட்டும் நகர்த்துவது பூச்சு வேலை. இரண்டாவது படத்தில் முகம் முன்பைவிட மோசமாகி, வாய்ப்பகுதி முழுதும் உப்பித் தெரிந்தால், அல்லது சிரிக்கும்போது ஈறு நிறையத் தெரிகிறவராக இருந்தால், கணக்கு மேல்தாடையில் இருக்கிறது. அதற்கு அறுவை வேறு. நகர்த்துவதற்கே இடமில்லாமல் பற்கள் ஏற்கெனவே ஒழுங்காகச் சேர்ந்து, நாடி மட்டும் உள்வாங்கியிருந்தால், உங்களுக்கு நாடி அறுவை போதும்.

பல் மருத்துவரிடம் போனதும் கன்னத்தை ஒதுக்கி, கடித்த நிலையில் கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்பக்கக் கூர், கீழ்ப் பல்லின் வெளிப்பள்ளத்தில் உட்கார வேண்டும். பல் சீரமைப்பு நிபுணர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த கணக்கு, இன்றும் அதுதான். கூர் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் விழுந்தால் இரண்டாம் வகை, அதாவது கீழ்வரிசை பின்தங்கிய கடி. பிறகு செபலோகிராம் என்ற பக்கவாட்டு எக்ஸ்ரே. அதில் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே ஏ.என்.பி. என்றொரு கோணம் அளப்பார்கள். 2 பாகை அளவில் இருந்தால் இயல்பு, 4-ஐத் தாண்டினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம். மூக்கின் வேரெலும்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்த எண் பொய் சொல்லும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

இனி, நிறையப் பேர் சறுக்கும் இடம். அது அறுவை அரங்கில் இல்லை, கிளிப் போடும் நாற்காலியில் இருக்கிறது.

எடுப்புப் பல்லுக்குக் கிளிப் போடுவதில் இரண்டு வழி. அறுவை இல்லாமல் சமாளிப்பது ஒன்று: மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, முன்பற்களைப் பின்னால் இழுப்பார்கள். தாடை பின்னாலேயே இருக்கும், பற்கள் ஒத்துப்போகும். தாடை அறுவைக்குத் தயார்படுத்துவது மற்றொன்று. அதில் பற்கள் நேர் எதிர்த்திசையில் நகரும். தாடை பின்தங்கியவருக்குக் கீழ் முன்பற்கள் ஈடுகட்ட முன்னால் சாய்ந்திருக்கும், அவற்றை நிமிர்த்துவார்கள். 8 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 11, 12 ஆகும். “கிளிப் போட்ட பிறகு எடுப்பு கூடிட்டே” என்று பயந்து அழுகிறவர்கள் உண்டு. கூடத்தான் வேண்டும். ஏனென்றால் தாடையை எவ்வளவு முன்னே கொண்டுவரலாம் என்பதைத் தீர்மானிப்பதே அந்த இடைவெளி.

முதல் வழியில் போய்ப் பல்லைப் பிடுங்கி, இடத்தை மூடி முடித்தபின், “முகம் இன்னும் அப்படியேதான் இருக்கு, தாடை ஆபரேஷன் பண்ணிக்கலாமா?” என்று வந்தால், நகர்த்த இடமிருக்காது. மூடிய இடத்தைத் திரும்பத் திறக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு செலவு. ஆகவே அறுவையா இல்லையா என்ற முடிவு கிளிப் மாட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். பல் சீரமைப்பு நிபுணரும் முகத்தாடை அறுவை நிபுணரும் ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னதை நான் முடிவாக ஏற்பதில்லை.

முதல் வழி மட்டம் என்று சொல்லவில்லை. நம் பக்கத்து முகங்களில் மேல் கீழ் இரண்டு வரிசையும் சேர்ந்தே முன்னால் நிற்பது சகஜம். அவர்களுக்கு நான்கு பற்களை எடுத்துக் கிளிப் போட்டு, கடைசியில் நாடியைச் சற்று முன்னே கொண்டுவந்தால் அருமையாக அமையும். ஆனால் உதடு மெலிந்து, மூக்கு எடுப்பாக உள்ளவருக்கு மேல்பல்லை இழுத்தால் உதடு உள்ளே போய் மூக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

நாடி அறுவை என்பது கீழுதட்டின் உட்பக்கமாகக் கீறி, பல்வேர்களுக்குக் கீழே எலும்பை அறுத்து, மேசை இழுப்பறையை இழுப்பதுபோல முன்னே நகர்த்தி டைட்டானியத் தகடு பொருத்துவது. வெளியே தழும்பு தெரியாது. சிலிகான் வைப்பதும் உண்டு. அதன் அடியில் எலும்பு தேயக்கூடும் என்பதால் சொந்த எலும்பே என் கட்சி. கீழுதட்டைத் தாண்டி நாடி போகக்கூடாது. போனால் உதட்டுக்குக் கீழே ஆழமான மடிப்பு விழும்.

தாடை அறுவையில் கீழ்த்தாடையை இரு பக்கமும் பின்பகுதியில் பிளந்து முன்னே கொண்டுவருவார்கள். அறுவை நிபுணர்கள் டிராவ்னரும் ஓப்வெகெசரும் 1957-இல் எழுதிய முறை, பின்னால் திருத்தப்பட்டது. முழு மயக்கம், மருத்துவமனைத் தங்கல், ஆறு வாரம் குழைந்த சாப்பாடு. புரோட்டாவைப் பிய்த்துத் தின்பதெல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. ஞானப்பல் இருந்தால் பொதுவாக ஆறு மாதம் முன்பே எடுக்கச் சொல்வார்கள். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. மரத்துப்போவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் மாதக்கணக்கில் குறையும், சிலருக்கு மிச்சம் நிற்கும். நாடி அறுவையிலும் மரத்துப்போகும், ஆனால் குறைவு.

இந்த மரமரப்பு எங்கள் ஊரான தூத்துக்குடியில் வேலையையே தொடும். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றுக் குழாயைப் பல்லால் கடித்து உதட்டால் மூடிப் பிடிக்கிற தொழில். உதட்டில் உணர்வு திரும்பி, எலும்பு கூடிவிட்டது என்று அறுவை நிபுணர் எழுதிக்கொடுக்கும்வரை கடலில் இறங்கக்கூடாது. தொழில் என்ன என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வளர்ச்சி முடியாமல் தாடை அறுவை கிடையாது: பெண்களுக்கு ஏறத்தாழ 16, 17, ஆண்களுக்கு 18-க்கு மேல். வளரும் பிள்ளை என்றால் கத்தியைப் பற்றிப் பேசாமல் ட்வின் பிளாக் மாதிரிக் கழற்றி மாட்டும் கருவியைக் கேளுங்கள். பத்துக்கும் பதினாலுக்கும் நடுவே நன்றாக வேலை செய்யும். பெரியவர் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று விழிக்கிறார் என்றால் தூக்கப் பரிசோதனை முதலில். அங்கே நாடி அறுவை மட்டும் பெரிதாக உதவாது.

காப்பீடு: அழகுக்காகச் செய்யும் அறுவையை மருத்துவக் காப்பீடு ஏற்காது. மெல்ல முடியாமை, மூச்சடைப்பு போன்றவை இருந்தால் அறுவைக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு நிபுணர்களும் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால் பல் மருத்துவக் கல்லூரிகள்தான் சுருக்கு வழி. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை எழும்பூர். தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில். எக்ஸ்ரே, பல் அச்சு, அந்த இரண்டு பக்கவாட்டுப் படங்கள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கிளிப்புக்கு முன்பணம் கட்டுவதைத் திரும்பி வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.