பால்விழைவு குன்றுவது ஏன்? – ஓர் ஆய்வு

பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றைப் போலவே பால்விழைவும் உயிர்களுக்கு இயற்கை அளித்த ஓர் உணர்வாகும். பசி குறைந்தால் வீட்டில் சொல்கிறோம். உறக்கம் கெட்டால் மருத்துவரிடம் செல்கிறோம். பால்விழைவு குன்றினால் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆண், தன் ஆண்மையே அழிந்துவிட்டதாக அஞ்சி ஒடுங்குகிறான். பெண்ணோ, அதனை ஒரு குறையாக எடுத்துச் சொல்லும் உரிமைகூட அற்றவளாய் இருக்கிறாள்.

முப்பாலுள் ஒரு பாலைக் காமத்துக்கே ஒதுக்கி, 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களை வள்ளுவர் யாத்தளித்த மொழி நம் மொழி. அம்மொழியில் இப்பொருளைக் கூச்சமின்றி, அறிவியல் நோக்கில் பேசலாம் என்னும் துணிவுடன் இக்கட்டுரையை எழுதுகிறேன். பால்விழைவு குன்றுதல் ஒழுக்கக் கேட்டின் தண்டனையும் அன்று, தலைவிதியும் அன்று. பெரும்பாலும் அது வேறொன்றின் அறிகுறி. அந்த வேறொன்று எது எனத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழைவும் இயலாமையும்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். விழைவு என்பது மனத்தில் எழும் நாட்டம். விறைப்பு என்பது உறுப்பில் இரத்தம் பாய்வதால் நிகழும் உடல் வினை. இவை இரண்டும் ஒன்றல்ல. நாட்டம் நிறைந்திருந்தும் நீரிழிவினால் விறைப்பு இயலாத ஆண்கள் உண்டு; உடல் நலமாக இருந்தும் நாட்டமே எழாதவர்களும் உண்டு. 1998ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் மாத்திரை இரத்த ஓட்டத்திற்குத் துணைசெய்யுமேயன்றி, விழைவை உண்டாக்காது.

அமெரிக்க அறிஞர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் ஆகிய இருவரும் 1966இல் வெளியிட்ட நூலில் கிளர்ச்சி, நிலைப்பு, உச்சம், தணிவு என நான்கு படிகளை வகுத்தனர். அவற்றுக்கெல்லாம் முன்னே விழைவு என ஒரு படி உண்டு என்பதை 1970களில் வலியுறுத்தியவர் ஹெலன் சிங்கர் கப்லான் என்னும் மனநல மருத்துவர். அதன் பின்னரே விழைவுக் குறைவு தனியாக ஆராயப்படலாயிற்று.

எவ்வளவு விழைவு இருந்தால் போதும்? இதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. ஏறத்தாழ 6 மாதங்கள் தொடர்ந்து குன்றியிருக்க வேண்டும். அதனால் அவருக்கு மன வருத்தமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் அதனை ஒரு கோளாறாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு கூறுகிறது. இயல்பிலேயே நாட்டம் குறைந்து, அதில் வருத்தமும் இல்லாதவர் நோயாளி அல்லர்.

உடல் இயங்கும் முறை

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி, ஆணின் விந்தகத்தையும் பெண்ணின் சூலகத்தையும் தூண்டுகிறது. அவ்வுறுப்புகள் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவற்றுள் விழைவோடு நெருங்கிய தொடர்புடையது டெஸ்டோஸ்டிரோன். 1935ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் காளைகளின் விந்தகத்திலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. இது ஆணுக்கு மட்டுமே உரியதன்று. பெண்ணின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் இதனைச் சிறிதளவு சுரக்கின்றன. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதுற்றாலும் விழைவு தளரக்கூடும்.

இருபாலர்க்கும் பொதுவான காரணங்கள்

முதலாவது, நோய்கள். நீரிழிவு, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கேடு, உடற்பருமன் ஆகியவை விழைவைக் குறைக்க வல்லவை. பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியால் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுந்தாலும் நாட்டம் குன்றும். இது மருந்தால் குணப்படுத்தக்கூடியது.

இரண்டாவது, மனச்சோர்வு. எதிலும் சுவையற்றுப் போதல் அந்நோயின் தலையாய குறி. உணவில், நட்பில், படிப்பில் சுவை இழந்தவருக்குப் பால்விழைவு மட்டும் எங்ஙனம் நிலைக்கும்? கடன், வேலையின்மை, தேர்வு அச்சம் ஆகியவை தரும் இடையறாக் கவலையும் அத்தகையதே.

மூன்றாவது, மருந்துகள். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளூவாக்செடின், செர்ட்ராலின் போன்றவையும், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் போன்றவையும் சிலருக்கு விழைவைத் தணிக்கும். வலி தணிக்கும் அபினி இன மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதும் அவ்வாறே. ஆயினும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது பேராபத்து. சொன்னால், அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார்.

நான்காவது, வாழ்க்கை முறை. மது தயக்கத்தைப் போக்குவதால் விழைவை வளர்ப்பதுபோல் தோன்றும்; நாளடைவில் கல்லீரலையும் விந்தகத்தையும் கெடுத்து, உள்ளதையும் அழிக்கும். உறக்கமும் அவ்வளவு முக்கியமானது. 2011இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், உடல்நலமுள்ள 10 இளைஞர்களை ஒரு வாரம் நாளொன்றுக்கு 5 மணி நேரமே உறங்க விட்டபோது, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. சிறிய ஆய்வுதான். எனினும் இரவெல்லாம் கைப்பேசியுடன் விழித்திருக்கும் நம் விடுதி நண்பர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆண்களிடம்

வயது ஏற ஏற டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைவது இயற்கை. உடற்பருமன் அதனை விரைவுபடுத்துகிறது. இளைஞர்களிடம் இன்று காணப்படும் மற்றொரு காரணம், தசை பெருக்க வேண்டி உடற்பயிற்சிக் கூடங்களில் இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகள். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைக் கண்ட பிட்யூட்டரி, விந்தகத்தைத் தூண்டுவதை நிறுத்திவிடுகிறது. விந்தகம் சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி குறைகிறது, ஊசியை நிறுத்தியதும் விழைவும் வீழ்கிறது.

இவற்றைக் காட்டிலும் நம் நாட்டு இளைஞரை வாட்டுவது அச்சமே. இன்பக்கனவில் விந்து வெளியேறுவதாலும், கைப்பழக்கத்தாலும் நரம்பு தளர்ந்து ஆண்மை அழியும் என்னும் நம்பிக்கை வேரூன்றியுள்ளது. 'ஒரு துளி விந்து பல துளி இரத்தம்' என்று கூறும் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. இவ்வச்சத்தால் சோர்வும் படபடப்பும் இயலாமையும் கொண்டு வருவோரைக் கண்ட இந்திய மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக், 1960இல் அதற்குத் 'தாது நோய்க்குறித் தொகுதி' எனப் பொருள்படும் பெயரிட்டார். விந்து போனதால் வந்ததன்று அந்நோய். போய்விட்டதே என்ற கவலையால் வந்தது.

பெண்களிடம்

மகப்பேற்றுக்குப் பின் தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் புரோலாக்டின் மிகுந்தும் ஈஸ்ட்ரோஜன் குறைந்தும் இருக்கும். அக்காலத்தில் நாட்டம் குறைவது இயல்பே. மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உறுப்பில் வறட்சியும் எரிச்சலும் தோன்றும். புணர்ச்சி வலி தருமானால், மனம் அதிலிருந்து விலகுவது நியாயமே அன்றோ? இதற்கு எளிய பூச்சு மருந்துகள் உள்ளன. கேட்க நாணுவதால் பெண்கள் ஆண்டுக்கணக்கில் துன்புறுகின்றனர். சூலகங்களை அறுவை செய்து அகற்றியவர்க்கும் விழைவு சட்டெனக் குறையலாம்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்த சோகை உள்ளவர்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, வேலைக்குச் சென்று, திரும்பி வந்து பாத்திரம் கழுவி, எல்லோருக்கும் பின்னர்ப் படுக்கும் ஒருத்தியின் உடலில் இரத்தமும் இல்லையென்றால், அவள் வேண்டுவது உறக்கம் ஒன்றே. அதனை 'அவளுக்கு ஆசையில்லை' என்று கூறுவது அநீதி.

ரோஸ்மேரி பாசன் என்னும் கனடா நாட்டு மருத்துவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். பெண்கள் பலருக்கு விழைவு தானே முன்னெழுவதில்லை. அன்பும் நெருக்கமும் கனிவான தொடுதலும் கிடைத்த பின்னரே அது தோன்றுகிறது என்பதே அக்கருத்து. அவ்வாறாயின், பகலெல்லாம் கடுஞ்சொல் பேசிவிட்டு இரவில் விழைவை எதிர்பார்க்கும் கணவன், காரணத்தை மனைவியின் உடலில் தேடுவதில் பயனில்லை. குடிப்பழக்கம், அடி உதை, சந்தேகம், வேண்டாத கருவைப் பற்றிய அச்சம், கதவடைக்க ஓர் அறையும் இல்லாத கூட்டுக் குடும்ப வீடு ஆகிய யாவும் காரணங்களே. விருப்பமின்மை சில நேரங்களில் நோயன்று; நேர்மையான விடை.

செய்ய வேண்டுவன

பேருந்து நிலையச் சுவர்களில், 'இழந்த ஆண்மையை மீட்டுத் தருகிறோம்' என்னும் விளம்பரங்களை நான் காணாத நாளில்லை. பாலின்ப ஆற்றலைப் பேணவோ பெருக்கவோ மருந்து உண்டென விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சுவரொட்டி சுவரில் இருக்கிறது! மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய மருந்துகள் சிலவற்றில் சில்டெனாஃபில் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்பவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

தகுதி பெற்ற மருத்துவரிடம் செல்வதே சரியான வழி. சர்க்கரை, தைராய்டு, இரத்த சோகை ஆகியவற்றுக்கான சோதனைகள் அரசு மருத்துவமனைகளிலேயே செய்யப்படுகின்றன. தேவையெனில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்க்கலாம். அது காலையில் மிகுந்திருக்கும் ஆதலால், காலை வேளையில் எடுத்து, குறைவாக இருந்தால் மற்றொரு நாள் மீண்டும் எடுத்துப் பார்ப்பர். மனம் காரணமென்றால் மனநல மருத்துவர் இருக்கிறார். இருவருக்கிடையே உள்ள பிணக்கு காரணமென்றால், முதல் மருந்து இருவரும் அமர்ந்து பேசுவதே.

முடிவுரை

உடல், மருந்து, மனம், உறவு என்னும் நான்கு வாயில்கள் வழியாக இக்குறை நுழைகிறது. எந்த வாயில் எனக் கண்டறிந்தால் பெரும்பாலும் அடைத்துவிடலாம். நம்முள் பலர் சில ஆண்டுகளில் இல்லறம் ஏற்கப் போகிறவர்கள். சிலர் ஆசிரியர்களாகி வகுப்பறையில் நிற்கப் போகிறவர்கள். நாம் அறிந்ததை அஞ்சி நிற்கும் ஒரு தம்பிக்கோ, சொல்ல இயலாமல் குமையும் ஒரு தங்கைக்கோ எடுத்துரைப்போமாயின், நாம் கற்ற கல்வி பயன்பெற்றதாகும்.