நின்ற டிராக்டரின் பேட்டரி

கோடை மழை பெய்து உழவுப் பதம் வந்த அன்று, கொட்டகையில் பல வாரம் நின்ற பழைய டிராக்டர் கிளம்பாவிட்டால் ஈரம் நமக்காகக் காத்திராது.

உழைக்காத பேட்டரியும் கெடும். மின்சாரம் தானாகவே குறையும். வெயில் காலத்தில் விரைந்து குறையும். சார்ஜ் இறங்கியபடியே வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பழைய திறன் திரும்பாது. அவ்வப்போது 5 நிமிடம் இயக்கி அணைப்பதால் பயனில்லை. இறங்கிய சார்ஜ் முழுதும் ஏறப் பல மணி நேரமாகும்.

நிறுத்துமுன் முழு சார்ஜ் ஏற்றி, எர்த் கம்பியைக் கழற்றி விடுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட் மீட்டரால் பாருங்கள். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே போனால் மீண்டும் ஏற்றுங்கள். தகடுகள் மூழ்கக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும். காசு மிச்சமென்று கிணற்று நீர் ஊற்றுவோர் உண்டு. அதன் உப்பு தகடுகளைக் கெடுக்கும்.