பழைய வீடும் பதினாறு டிப்பர் மண்ணும்

"பழைய வீட்டை இடிக்கச் செலவே ஆகாது. மரத்தை எடுத்துக்கொண்டு இடிக்கிறவரே இடித்துத் தருவார், மேற்கொண்டு கையில் காசும் கொடுப்பார்." கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை, தாத்தா காலத்து வீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்ட நினைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. தேக்கு உத்திரம், வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, கல்தூண், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தை உண்டு. இன்னொரு பாதியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விலைபோகும் மரமெல்லாம் சேர்ந்தாலும் வீட்டின் எடையில் சிறு பங்குதான். மற்றதெல்லாம் செங்கல், கல், மண், காரை. வீட்டைத் தரைமட்டமாக்கும் செலவைவிட இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்தும் செலவே பெரிது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

ஆயிரம் சதுர அடியில் ஒற்றைத்தள மச்சு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவரும் உள்சுவரும் சேர்ந்து 200 அடி நீளம், 10 அடி உயரம், ஒன்றரை அடி கனம். வாசலுக்கும் ஜன்னலுக்கும் 400 கனஅடி கழித்தாலும் சுவர் மட்டும் 2,600 கனஅடி. உத்திரத்தின் மேல் கட்டை பரப்பி, செங்கல் குத்தி, சுண்ணாம்புக் காரை போட்ட மேல்தளம் முக்கால் அடி கனம் என்றால் இன்னும் 750 கனஅடி. மொத்தம் 3,350 கனஅடி, எடையில் ஏறக்குறைய 160 டன். நிற்கும் சுவர் உடைந்து குவியும்போது இடையில் காற்று புகுந்து ஏறக்குறைய 1.4 மடங்காக உப்பும். நூறு கனஅடி ஒரு யூனிட் என்ற நம் ஊர்க் கணக்கில் அது 47 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் பதினாறு நடை! டீசல், டிரைவர் கூலி, அள்ளிப்போடும் ஜேசிபியின் மணிக்கணக்கு வாடகை, கொட்ட இடம் எல்லாம் இந்தப் பதினாறின் மேல்தான் ஏறும். ஒப்பந்தக்காரர் 'இலவசமாக' இடிக்கும்போது பல இடங்களில் மரத்தோடு அவர் வேலை முடிந்துவிடும். மண்மேடு வீட்டுக்காரருக்கு மிஞ்சும்.

அடுத்த நம்பிக்கை, ஜேசிபி வந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று ஒரு பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துச் சில விநாடிகளில் தகர்த்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, இடிப்பு என்றாலே நொடி வேலை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இயந்திரம் ஒரே தள்ளில் சாய்த்தால் தேக்குக் கட்டை முறிகிறது, ஓடு தூளாகிறது, முழுச் செங்கல் கப்பியாகிறது. சுண்ணாம்புக் காரையிலோ மண் சாந்திலோ கட்டிய சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடப்பாரையால் நெம்பினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமென்ட் கலவையில் கட்டியதில் கலவைக்கு முன் செங்கல்தான் உடையும். ஆகவே கையால் பிரிப்பதில் லாபம் தருவது பழைய வீடுதான்; அதைத்தான் நாம் முதலில் இயந்திரத்தின் வாயில் கொடுக்கிறோம்.

கையால் பிரித்தால் கூலி ஏறும், நாள் இழுக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலையும் கணக்கிலேயே சொல்கிறேன். 2,600 கனஅடிச் சுவர் முழுக்கச் செங்கல் என்றால் அதில் முப்பதாயிரம் கல்லுக்குக் குறையாது. பாதியை முழுசாக எடுத்தாலே ஏற்ற வேண்டிய 47 யூனிட் 31 ஆகக் குறையும். எடுத்த கல்லைச் சுற்றுச்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். மிச்சத்துக்கும் இடம் உண்டு. தெரு உயர உயர நம் பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன; புது வீட்டுக்கு அடிமட்டத்தை எப்படியும் உயர்த்தியாக வேண்டும். இரண்டடி உயர்த்த 1,800 கனஅடி நிரப்பு மண் தேவை. வெளியிலிருந்து காசு கொடுத்து மண் வாங்கிக்கொண்டே சொந்த மண்ணைக் காசு கொடுத்து வெளியேற்றுவது என்ன கணக்கு? மரத்துண்டு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்து (விட்டால் கரையானுக்கு விருந்து), அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்தால் இந்தக் கப்பியும் மண்ணும் அந்தப் பள்ளத்தை அடைத்துவிடும். பதினாறு நடை மூன்று நான்காகும். கூலியில் கூடியதை இது ஈடுகட்டுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். மண்சுவரும் கூரையுமாக நின்ற வீட்டில் ஈடுகட்டாது. அங்கே ஜேசிபியே சரி. செங்கல்லும் தேக்குமாக நின்ற வீட்டில் கையால் பிரிப்பதே சரி என்பது என் முடிவு.

இடித்த வீட்டு மரம் புது வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் மனத்தை நோகடிக்க வேண்டியதில்லை. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவையும் தூணையும் வைத்துத்தான் பிழைக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த தேக்கு இனி முறுக்கிக்கொள்ளாது. பார்க்க வேண்டியது கரையானும் உளுப்பும் உள்ளே புதைந்த ஆணியும்தான்.

சொந்த இடம், சொந்தச் சுவர், யாரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சென்னை அண்ணா சாலையில் 2023 ஜனவரி 27 அன்று, இடித்துக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் சுவர் சரிந்து, நடந்துபோன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர விதி, தொடங்குமுன் மின்சாரத்தையும் குழாய்களையும் துண்டிக்கச் சொல்கிறது. மேலிருந்து கீழாக, தளம் தளமாக இறங்கச் சொல்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் இன்னொன்றும் சேர வேண்டும். பொதுச்சுவரை ஆட்டும் முன் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி, அவர் வீட்டு விரிசல்களை அவர் முன்னாலேயே படம் எடுத்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குள் அரைகுறையாக நிற்கும் மண்சாந்துச் சுவரை விட்டுவைக்கவே கூடாது. நனைந்த சுவர் யாருக்கும் சொல்லிவிட்டு விழாது.

மிஞ்சும் மூன்று நான்கு நடையைக் கண்மாய்க் கரையில் கொட்டிவிடலாம் என்பார்கள். கட்டட இடிபாட்டுக் கழிவு பற்றிய 2016ஆம் ஆண்டு மத்திய விதிகளே பொது இடத்திலும் வடிகாலிலும் கொட்டுவதைத் தடுத்தன. விதி இல்லாவிட்டாலும் கண்மாய் நம் வயலுக்குத் தண்ணீர் தருவது.

இடிக்க ஆள் பேசும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: மரம் யாருக்கு, கல் யாருக்கு, மண்ணை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது, ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு. இடித்து முடித்ததும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் தெரிவியுங்கள்; தெரிவிக்காவிட்டால் இல்லாத வீட்டுக்கு வரி கேட்டு நோட்டீஸ் வரும்.