பழைய பென்ஸ் வண்டியைப் பேணும் முறை

பால்மரம் சீவுவோர் கத்தியைத் தீட்டாமல் வேலைக்குப் புறப்படுவதில்லை. மழுங்கிய கத்தி மரத்தின் பட்டையைக் காயப்படுத்தும் என்பதையும், அக்காயம் ஆண்டுக்கணக்கில் ஆறாது என்பதையும் அவர்கள் அறிவார்கள். மோட்டார் வண்டிக்கும் இதே விதி பொருந்தும். நாள்தோறும் செய்யும் சிறு கவனிப்பு, பின்னாளில் வரும் பெருஞ்செலவைத் தடுக்கிறது.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய சொகுசு வண்டி ஒன்றை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1976ஆம் ஆண்டு முதல் 1986ஆம் ஆண்டு வரை ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வகையை இங்கு எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்ட இவ்வகை, உறுதிக்குப் பெயர் பெற்றது. ஆயினும், பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், முன்னிருந்தவர் செய்யாமல் விட்ட வேலைகள் நம் தலையில் விழக்கூடும் என்பதை மறத்தலாகாது.

முதலாவது, எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கு நடுவே நிற்பது நன்று. டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுத்துவிடுவது இயல்பே. ஆனால், அது பால் கலந்த காப்பியைப் போல் தோன்றினால், தண்ணீர் உள்ளே கசிகிறது என்பது பொருள். அத்தகைய வண்டியை ஓட்டாது பட்டறைக்கு இழுத்துச் செல்க. கழித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றுதல் கூடாது.

இரண்டாவது, வால்வுகள். இவ்வகை டீசல் எஞ்சினில் வால்வு இடைவெளி தானாகச் சரியாவதில்லை. கையால் அளந்து திருத்தவேண்டும். தேய்மானத்தால் இடைவெளி குறையக் குறைய, வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் குறைந்து, காலையில் எஞ்சின் கிளம்பத் தயங்கும். இக்குறை ஓசை எழுப்புவதில்லை. ஆகவே, சத்தம் இல்லையென்று சும்மா இருத்தல் தவறு.

மூன்றாவது, குளிர்விக்கும் நீர். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். நம் நாட்டில் பனி உறைவதில்லையே எனக் கருதி வெறுந்தண்ணீரை ஊற்றுவோர் உளர். குளிர்விப்பு மருந்து துருவையும் தடுக்கிறது என்பதை அவர்கள் அறியவேண்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து நாட்பட நொறுங்கும் இயல்புடையது; அங்கு வெடிப்பு உண்டா எனப் பார்த்துக்கொள்க.

நான்காவது, பிரேக். உயிர் காப்பது இதுவே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அத்தர அளவு 155 பாகையே. மலைச்சாலையில் இறங்குகையில் பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது. மனைவி மக்களை ஏற்றிச் செல்பவர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆதலால், ஈராண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றுவது கட்டாயம்.

இவ்வண்டியின் டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பியதும் நிற்பது, வெற்றிடக் குழாய்களின் உதவியால்தான். கதவுப் பூட்டுகளும் பிரேக்கின் துணைவிசையும் வெற்றிடத்தையே நம்பியுள்ளன. சாவியைத் திருப்பியும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், குழாயில் எங்கோ கசிவுள்ளது என அறிந்து உடனே சரிசெய்க.

ஐந்தாவது, ரப்பர். நாம் சீவும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர், டயர்களிலும் எஞ்சினைத் தாங்கும் கட்டைகளிலும் பயன்படுகிறது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை. எண்ணெய் பட்டால் அது உப்பி, மென்மையாகி, வலுவிழக்கும். ஆகையால், சிறு எண்ணெய்க் கசிவையும் பொருட்படுத்தாமல் விடுதல் கூடாது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ தேயாதிருந்தாலும், வெடிப்புக் கண்ட பழைய டயர் ஆபத்தானது.

இறுதியாக ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே நுழைக.

பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டியில் வைத்து, எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எதனை மாற்றினோம் என்று எழுதி வருக. வண்டியை வாங்குவதற்குச் சேமித்ததைப் போலவே, அதனைப் பேணுவதற்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குக. அவ்வாறு செய்ய இயலாதாயின், சொகுசு வண்டியை விடுத்துச் சிறிய வண்டியை வாங்குவதே குடும்பத்திற்கு நன்மை பயக்கும்.