எஞ்சினில் தண்ணீர் வரவில்லையா? ஸ்பேனரைக் கடைசியில் எடுங்கள்

நெடுநாள் சும்மா கிடந்த படகை ஆற்றில் இறக்குகிறார்கள். எஞ்சின் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆனால் பின்னால் பீச்சியடிக்க வேண்டிய தண்ணீரைக் காணோம். உடனே ஃபோன் வரும்: “ஆயர் கெஞ்சிங் தாக் கெலுவார்!” கோலசிலாங்கூர் கரையில் அவுட்போர்ட் மெக்கானிக்காகத் தலையெடுக்க நினைக்கும் இளைஞருக்கு முதலில் வந்து சேரும் வேலை பெரும்பாலும் இதுதான். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் கப்சாயையும் புல்வெட்டும் மெஷினையும் பிரித்துப் போட்டுப் பழகிய கைக்கு இது எட்டாத வேலையும் இல்லை. முறை தெரிந்தால் போதும்.

யூடியூபில் தேடினால் வெள்ளைக்காரர் வீடியோக்கள்தான் வரிசையாக வரும். அங்கே படகு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடக்கும். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, பிளாக்கையே பிளந்துவிடும் என்பது அவர்கள் கவலை. அதனால் பாதி வீடியோ உறைதடுப்பு திரவத்தைப் பற்றியே போகும். அதைத் தள்ளிவிடுங்கள். நம் ஊரில் எதிரிகள் வேறு: சிலாங்கூர் ஆற்றுச் சேறு, காய்ந்த உப்பு, குளவிக்கூடு, வெயிலில் விறைத்துப்போன ரப்பர்.

நம் படகுகள் ஓய்வெடுக்கும் காரணமும் வேறு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சுற்றுலாப் படகுகள் ஓட்டமின்றிக் கரையில் கிடந்தன. அது பெரிய ஓய்வு. சின்ன ஓய்வு மாதாமாதம் வரும். சாசாரான் பக்கத்து ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டு, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் சில நாள்களில்தான் வெளியே தெரியும். மற்ற நாள்களில் அந்த ஓட்டத்தை நம்பிய படகுகளுக்கு வேலை குறைவு. ஆக, உங்கள் ஃபோன் எப்போது அடிக்கும் என்று அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே இம்பெல்லர் செட்டை வாங்கி வைத்துக்கொள்பவர்தான் கெட்டிக்காரர். (மின்மினி பார்க்கப் போகும் படகுகளை நம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் துடுப்பும் மின் மோட்டாரும்தான்.)

தண்ணீர் போகும் பாதை

பாதை தெரியாமல் கையை வைக்கக் கூடாது. புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, எஞ்சின் காலின் இரு பக்கமும் சல்லடை போட்ட வாய் இருக்கும். தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். அதற்கு மேலே இருக்கும் பம்பில் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர், டிரைவ் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி அதை மேலே தள்ளும். அங்கிருந்து நீண்ட குழாய், சிலிண்டர் பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட். பிறகு புகையோடு கலந்து கீழே வெளியேறும். நாம் கண்ணால் பார்க்கும் பீச்சல் இந்தப் பாதையிலிருந்து பிரித்துவிட்ட ஒரு சிறு கிளைதான். எஞ்சின் மூச்சு விடுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. பீச்சல் நன்றாக இருந்தும் ஹெட் கொதிக்கலாம். பீச்சல் இல்லாமலேயே எஞ்சின் குளுமையாக ஓடவும் செய்யலாம். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

எனவே முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். காலின் பின்புறம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே புகை விடும் சிறு ஓட்டையைப் பாருங்கள். அங்கே ஈரமும் நீர்த்தூவலும் இருந்தால் பம்ப் வேலை செய்கிறது. அடைப்பு பீச்சல் குழாயில்தான். அங்கேயும் காய்ந்திருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றும் இம்பெல்லர் சில நொடிகளிலேயே தேய்ந்து கருகத் தொடங்கிவிடும். கரையில் வைத்து “சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்” என்று சொல்லும் படகுக்காரரைத் தடுப்பதும் உங்கள் வேலைதான்.

பீச்சல் ஓட்டையை அடைப்பது பெரும்பாலும் உப்புக் கட்டி அல்லது குளவி வைத்த மண். இரும்புக் கம்பி வேண்டாம். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றில் ஒரு துண்டை நறுக்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நுழைத்து, முன்னும் பின்னும் ஆட்டி, தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது சல்லடை. நெகிழிப் பை, நிப்பா நார், காய்ந்து இறுகிய சேறு எல்லாம் அங்கே ஒட்டியிருக்கும். இவை இரண்டையும் பார்ப்பதற்கு முன் ஸ்பேனரைத் தொட்டால், படகுக்காரரின் பணமும் உங்கள் பெயரும் சேர்ந்து போகும்.

இம்பெல்லர்

இரண்டும் சுத்தம், இன்னும் தண்ணீர் வரவில்லை என்றால் காலைக் கழற்ற வேண்டியதுதான். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள், பிளக் மூடிகளைக் கழற்றுங்கள். புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டால் விரல் போய்விடும். போல்ட்டுகளை எண்ணுங்கள். சில மாடல்களில் ஒரு போல்ட், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சிறு துடுப்புத் தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பிரிக்கப் பார்த்து அலுமினிய உறையையே உடைத்தவர்கள் உண்டு. உப்பில் இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பம்ப் உறையைத் திறந்ததும் இம்பெல்லரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பம்பின் அறை ஷாஃப்டின் மையத்திலிருந்து விலகி அமைந்தது. ஒரு பக்கத்து இதழ்கள் எப்போதும் மடிந்தே இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே நின்றால் ரப்பர் அந்த வளைவிலேயே விறைத்துவிடும். கையில் எடுத்த பிறகும் நிமிராது. விரலால் மடக்கும்போது இதழின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அதன் கதை முடிந்தது. இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கரைந்துபோகவில்லை, மேலே எங்கோ சிக்கியிருக்கிறது. புது இம்பெல்லரைப் போட்டுவிட்டு அந்தத் துண்டைத் தேடாமல் விட்டால், அடுத்த வாரம் அதே படகு அதே குறையோடு திரும்பி வரும். நீர்க்குழாயின் மேல் முனையிலிருந்து தண்ணீர் விட்டு, துண்டைக் கீழ்நோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து பாருங்கள்.

இம்பெல்லர் நன்றாக இருந்தும் தள்ளவில்லை என்றால் அதை ஷாஃப்டோடு பூட்டும் சிறு சாவித்துண்டையும், பம்ப் அறையின் சுவரையும், அடித்தகட்டையும் பாருங்கள். நம் ஆற்றுத் தண்ணீரில் கலந்து வரும் மண், உலோகத்தில் நகம் படும் அளவுக்குக் கோடு போட்டுவிடும். கோடு விழுந்த அறையில் புது ரப்பரும் நிற்காது. இம்பெல்லரை மட்டும் மாற்றச் சொல்லி அடம்பிடிக்கும் முதலாளியிடம் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு தேவைப்படாது.

பூட்டும்போது இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை எஞ்சின் சுற்றும் திசையிலேயே, பெரும்பாலான எஞ்சின்களில் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில், சுற்றிக்கொண்டே உறையை அழுத்துங்கள். காலை மேலே ஏற்றும்போது நீர்க்குழாயின் முனை, பம்பின் மேல் இருக்கும் ரப்பர் வளையத்துக்குள் நேராக நுழைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் அது. இங்கே தவறினால் எல்லாம் புதிதாக இருந்தும் தண்ணீர் ஏறாது. பிறகு பெரிய தோம்பில் பம்ப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொல்லும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. நூலில் கட்டி, வெப்பமானியோடு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்த்து, கையேட்டோடு ஒப்பிடுங்கள். காரில் 80 டிகிரிக்கு மேல் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு, பல அவுட்போர்டுகளில் 50-ஐ ஒட்டியே திறப்பது விசித்திரமாக இருக்கும். கடல்நீர் 60 டிகிரியைத் தாண்டிச் சூடானால் உப்பும் சுண்ணமும் உள்சுவரில் வேகமாகப் படியும். அதனால்தான் இந்த ஏற்பாடு. சிக்கல் கொடுக்கிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிடும் வழக்கம் கரையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போதும் குளிர்ந்தே ஓடும் எஞ்சின் எரிபொருளைச் சரியாக எரிக்காது. இன்னொன்று: கொதித்த எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். ஹெட் வளைந்துவிடும்.

பாசிர் பெனாம்பாங் மீன்பிடிப் படகுகளில் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின்கள் உண்டு. அங்கேயும் வரிசை இதேதான், வெளியிலிருந்து உள்ளே. அடிவால்வு திறந்திருக்கிறதா, வாயில் சிப்பி வளர்ந்திருக்கிறதா, வடிகட்டி, பெல்ட், பிறகு பம்ப், கடைசியில் வெப்பமாற்றி.

பிழைப்புக்கு

இந்தக் கரையில் தமிழ் மட்டும் தெரிந்தால் போதாது. மலாய் சரளமாக வேண்டும். பாசிர் பெனாம்பாங்கில் கொஞ்சம் சீனமும் பேசினால் தவுக்கேவிடம் மரியாதையே தனி. கழற்றிய பழைய இம்பெல்லரைப் பையில் போட்டுப் படகுக்காரர் கையில் கொடுங்கள். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள். இதனால் வேலை குறையும் என்று பயப்பட வேண்டாம். சொன்னபடி கழுவுகிறவர்கள் குறைவு.

சான்றிதழ் இல்லாமலும் பிழைப்பை ஓட்டலாம். ஆனால் பெரிய பட்டறைக்கோ மரினாவுக்கோ போக வேண்டுமானால் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) கேட்பார்கள். வேலையிடத்திலேயே பெரும்பகுதி கற்கும் எஸ்.எல்.டி.என். பயிற்சி 2005 முதல் நடப்பில் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு பி.பி.டி. என்ற வழி உண்டு: மீண்டும் வகுப்பில் உட்காராமல், செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். பெறலாம். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் 2017-ஆம் ஆண்டின் 789-ஆவது சட்டத்தின் கீழ் சொக்சோவில் சுயதொழில் பாதுகாப்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள். விரல் இழந்த பிறகு விசாரிப்பதில் பயனில்லை.

பி.பி.டி.க்குப் போகிறவர்கள் பலர் தடுமாறுவது வேலையில் அல்ல, ஆதாரத்தில்தான். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தேதி, மாடல், குறை, பார்த்த வரிசை, மாற்றிய பொருள் என்று எழுதுங்கள். கழற்றும் முன் ஒரு படம், பூட்டிய பின் ஒரு படம் எடுத்துத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள்.